மற்றப் பழம் எங்கே?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் என்று பெயரை வைத்துக்கொண்டு இந்த மனிதர் வாழைப்பழத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தாலும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நான் பேசப்போவது ஒரு சினிமாப் பகிடியைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பகிடியை எடுத்தவர்களைப் பற்றியும் நடித்தவர்களைப் பற்றியும் எழுதியாயிற்று, பேசியாயிற்று. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. படம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் சனங்கள் பேசிக்கொள்கிறார்களே, அதுதான் எந்த நாட்டிலும் முதல் விமர்சனம். அது காற்றோடு போய்விடுகிறது. அப்படிப் போன சில பேச்சுக்களை மூன்று இடங்களில் நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒன்று, இரத்தோட்டைப் பக்கத்திலே நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயம். இரண்டாவது, மாத்தளை மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் வில்கமுவ. மூன்றாவது, என்னுடைய சொந்த வீடு. மூன்றாவது இடத்தில்தான் எனக்கு அதிகமாக அடி விழுந்தது.

படம் கரகாட்டக்காரன். 1989ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்தது. கங்கை அமரன் இயக்கியது. இசை அவருடைய தமையனார் இளையராஜா. ராமராஜனும், பழைய நடிகை தேவிகாவின் மகள் கனகாவும் சோடி. கனகாவுக்கு அதுதான் முதற் படம். மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கதை புதிதல்ல. இரண்டு ஆட்டக் குழுக்கள், ஒரு கலைப்போட்டி, போட்டிக்குள்ளே ஒரு காதல். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதி, 1968இல் ஏ.பி. நாகராசன் படமாக்கிய தில்லானா மோகனாம்பாளின் சாயல் அதிலே தெரிகிறது என்று அன்றைக்கே சொன்னார்கள். சரிதான். ஆனால் நாதசுரமும் பரதமும் இருந்த இடத்தில் கரகம் வந்து உட்கார்ந்தவுடன் பார்வையாளர் மாறிவிட்டார்கள். சபையில் சால்வை போட்டு இருந்தவர்கள் எழும்பிப் போக, கோயில் திடலில் மண்ணிலே இருந்தவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள்.

அந்தப் படத்தைப் பாட்டுக்காகப் பார்த்தவர்கள் உண்டு. எங்கள் தோட்டத்தில் மாரியம்மனுக்காகப் பார்த்தவர்களும் உண்டு. கடைசியில் நாயகனும் நாயகியும் தீமிதிக்கிற காட்சி வந்தபோது, ஐந்தாறு கிழவிகள் தொலைக்காட்சிப் பெட்டியை நோக்கிக் கைகூப்பிக்கொண்டிருந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆனால் இன்றைக்குப் படத்தின் பெயரைச் சொன்னவுடன் பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது ராமராஜனையுமல்ல, கனகாவையுமல்ல. கவுண்டமணி, செந்தில்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்துச் சுப்பிரமணியம்தான் நாடக மேடையேறிக் கவுண்டமணி ஆனவர். செந்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர்ப் பக்கம். ஒருவர் கொங்கு மண், மற்றவர் வறண்ட சேதுச்சீமை. இந்த இருவரையும் 1984இல் வந்த வைதேகி காத்திருந்தாளிலேயே மக்கள் ஒரு சோடியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதில் பெற்றோமக்ஸ் விளக்கின் மென்றலை வைத்து ஒரு பகிடி வரும். எரிந்த மென்றல் என்பது வெறும் சாம்பல் வலை, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். அதிலிருந்து எப்படி வெளிச்சம் வருகிறது என்று கேட்டு, செந்தில் அதைப் பிடித்து நசுக்கிவிடுவார். மின்சாரம் இல்லாத ஊர்களில் அந்தப் பகிடிக்குக் கிடைத்த சிரிப்பு நகரத்திலே கிடைத்திராது. கலியாண வீட்டில் மென்றல் உதிர்ந்து நடுப்பந்தியிலே இருட்டிப்போன அனுபவம் உள்ளவனுக்குத்தான் அந்த நசுக்கலின் வலி தெரியும்.

கரகாட்டக்காரனில் அவர்கள் ஆட்டக் குழுவோடு திரிகிறவர்கள். அந்தப் பகிடியை அறியாத தமிழர் இல்லை என்றாலும், முறைக்காக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாவைக் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. செந்தில் வாங்கிக்கொண்டு வருகிறார். ஒன்றைத் தின்றுவிட்டார். ஒன்றைக் கொடுக்கிறார். மற்றது எங்கே என்று கேள்வி. மற்றதுதான் இது என்று பதில். அவ்வளவுதான் சமாசாரம். கேள்வி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது, பதிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவருக்கு இரத்தம் கொதிக்கிறது, சொல்பவர் முகத்தில் ஈயாடவில்லை. நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன். அவர் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு ஒரு மனக்குறை. தமிழில் இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு பெரிய குழப்பத்தை உண்டாக்கிய வேறு எழுத்தாளரை நான் அறியேன்.

குழப்பம் எங்கே இருக்கிறது பாருங்கள். 'மற்றது' என்கிற சொல்லுக்குத் தனக்கென்று ஒரு பொருள் கிடையாது. எது முதலாவது என்று தீர்மானித்த பிறகுதான் எது மற்றது என்று சொல்லலாம். கவுண்டமணி கையில் இருப்பதை முதலாவது என்கிறார். செந்திலுக்கு வயிற்றில் போனதுதான் முதலாவது. அப்படியானால் கையில் இருப்பது மற்றதுதானே? பொய் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதற்கு இலக்கணத்தில் ஒரு ஆட்சேபம் எழுப்பினார். தொல்காப்பியர் சுட்டு மூன்று என்றார், அ, இ, உ. தமிழ்நாட்டார் உகரச் சுட்டைத் தொலைத்துவிட்டார்கள், நாங்கள் வைத்திருக்கிறோம். கேட்பவர் கையில் இருக்கிற பழத்தை 'இது' என்று எப்படிச் சொல்லலாம், 'உது' என்றல்லவா சொல்ல வேண்டும் என்று நண்பர் வெகு சீரியசாக வாதாடினார். செந்தில் யாழ்ப்பாணத்தவராக இருந்தால் அந்தப் பகிடி அங்கேயே செத்திருக்கும் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இனி லயத்துக்கு வருவோம்.

எங்கள் தோட்டத்தில் படம் வருவதற்கு முன்பே பகிடி வந்துவிட்டது, கசெட்டில். பாட்டுக் கசெட்டோடு வசனக் கசெட்டும் கடையில் கிடைத்த காலம். ஆகவே கவுண்டமணியின் முகத்தைக் காணாமலே அவருடைய குரலைக் கேட்டுச் சிரித்தோம். வானொலிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சோடியின் உயிர் குரலில்தான் இருக்கிறது. ஒன்று கரகரத்து ஏறிக்கொண்டே போகும். மற்றது ஏறவே ஏறாது, குழைந்து குழைந்து ஒரே இடத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் அடிக்கப் போகிறார், யார் வாங்கப் போகிறார் என்று தெரிந்துவிடும்.

பிறகு ஒரு திருவிழாவுக்குப் பட்டணத்திலிருந்து டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து வந்து, லயத்துக்கு முன்னால் மேசை போட்டு, விடிய விடிய மூன்று படம் காட்டினார்கள். கரகாட்டக்காரன் இரண்டாவது. அடுத்த நாள் காலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றேன். வரிசையில் ஒரு வயதான அம்மா. நிறுவைக்காரர் தராசைப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று அதில் கழித்தார். அந்த அம்மா முகத்தை மாற்றாமல், "மத்த ரெண்டு கிலோ எங்கங்கய்யா?" என்று கேட்டார். பின்னால் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். என்ன பதில் என்று நான் சொல்லத் தேவையில்லை. நிறுவைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கழித்ததைத் திருப்பிப் போடவில்லை.

அன்று மாலை அந்த அம்மாவிடம், உங்களுக்கு யாரைப் பிடித்தது என்று கேட்டேன். "தின்னவனத்தான். நடந்து போயி வாங்கியாந்தவன் அவந்தானே? நடந்த காலுக்கு ஒரு பழம்" என்றார். நான் அதற்குப் பிறகு நகைச்சுவையைப் பற்றி எத்தனையோ கட்டுரை படித்துவிட்டேன். இந்தக் கருத்துக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக எங்கள் சனங்கள் ஒரு கணக்குப் புத்தகத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். கங்காணி கணக்கு, கணக்கப்பிள்ளை கணக்கு, அரைப்பேர் கணக்கு. அந்தக் கணக்கில் மற்றப் பழம் எப்போதும் மேலே இருப்பவன் வயிற்றில்தான் இருந்திருக்கிறது. எங்கே என்று கேட்டால், உன் கையில் இருக்கிறதே அதுதான் என்று பதில் வரும். வீரப்பன் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். கணக்குக் கேட்கிறவன் மேலே இருப்பவன், விழுங்கிவிட்டு விழிப்பவன் கீழே இருப்பவன். அவர் அதை நினைத்து எழுதினாரோ இல்லையோ, லயத்திலே அப்படித்தான் பார்த்தார்கள்.

ஒரு கங்காணியாரிடமும் கேட்டேன். "ரூபா யாருடையது?" என்றார் அவர். அதற்கு மேல் பேசவில்லை.

அடுத்தது வில்கமுவ. உத்தியோகம் கிடைத்து முதல் நியமனம் அங்கே. வில் என்றால் நமக்கு வளைப்பது, சிங்களத்தில் நீர் நிற்கும் ஏரி. அந்தப் பெயர் விளக்கத்தைக்கூட எனக்கு அங்கே போன பிறகுதான் ஒருவர் சொன்னார். இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் வரை ஏறும்போது தேயிலையும் பனியும். நக்கிள்ஸ் மலையைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பனி போய் வெயில் வரும். அதற்குப் பிறகு வயல், சேனை, காடு. கிழக்கே மகாவலி ஓடுகிறது, பக்கத்தில் வஸ்கமுவ வனப் பூங்கா. இருட்டிய பிறகு யானைக்குப் பயந்து யாரும் தனியே நடமாட மாட்டார்கள். அந்த அலுவலகத்தில் தமிழன் நான் ஒருவன்தான். யுத்தகாலம். யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பஸ்ஸில் வாய் திறக்க மாட்டேன். வீட்டுக்குத் தொலைபேசியில் பேச நேர்ந்தால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசுவேன். தமிழ்ப் பத்திரிகையை நான்காக மடித்துப் பைக்குள் வைப்பேன். சொந்த மொழியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிவது எப்படியிருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

1991 சித்திரைப் புத்தாண்டு. எங்கள் இரு பகுதியாருக்கும் பொதுவான ஒரு நாள். வீட்டுக்குப் போக விடுமுறை கிடைக்கவில்லை. நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் முற்றத்தில் ஜெனரேட்டர் வைத்து வீடியோப் படம் போட்டார்கள். முதலில் ஒரு சிங்களப் படம், பிறகு ஒரு ஹிந்திப் படம். ஹெட்டிப்பொலவில் டெக் வாடகைக்கு விட்டவர் கையில் கிடைத்த மூன்றாவது படத்தையும் கொடுத்து அனுப்பியிருந்தார். போட்டார்கள். மேளச்சத்தம் எழும்பியது. கரகாட்டக்காரன்!

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் நடுவில் தமிழ் ஒலிக்கிறது, அதுவும் இவ்வளவு சத்தமாக. யாராவது நிறுத்தச் சொல்வார்களோ என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. பாட்டுக்குச் சிறுவர்கள் ஆடினார்கள். பிறகு கவுண்டமணியும் செந்திலும் வந்தார்கள். முதல் உதையிலேயே முற்றம் குலுங்கியது. உதைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். பத்து நிமிடத்தில் இருவருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் லொக்கா, அதாவது பெரியவர். மற்றவர் பொடி எக்கா, சின்னவன். அவர்களுக்குப் பழக்கமான அளவுகோலும் வானொலியில்தான் இருந்தது. அன்னஸ்லி டயஸ், பேர்ட்டி குணதிலக்க, சாமுவேல் ரொட்ரிகோ மூவரும் சிங்கள வானொலியில் நடத்திய விநோத சமய நிகழ்ச்சியைச் சொல்லி, இவர்கள் அவர்களைப் போல, ஆனால் அடி அதிகம் என்றார் ஒருவர்.

வாழைப்பழக் கட்டம் வந்தது. இங்கே உதை கடைசியில்தான் வரும், அதுவரை எல்லாம் பேச்சு. முற்றம் அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் ஒரு பழத்தைக் காட்டிக் காட்டி என்ன சண்டை பிடிக்கிறார்கள்? விளங்கவில்லை. வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் திரும்பி என்னைப் பார்த்து, "மாத்தயா, சொல்லுங்கள்" என்றார். டெக்கை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டினார்கள். நான் எழும்பி நின்றேன். கவுண்டமணி கேட்கக் கேட்க நான் சிங்களத்தில் சொன்னேன். "கோ, அனிக் எக்க?" மற்றது எங்கே? செந்தில் வாயைத் திறந்தார். "ஏக்க தமய் அய்யே மேக்க." அதுதான் அண்ணே இது.

ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வசனத்தின் வரிசைகூட மாறவில்லை. அது, இது என்று நாம் சுட்டுகிற மாதிரியே அவர்களும் ஏக்க, மேக்க என்று சுட்டுகிறார்கள். நம்முடைய 'அண்ணே' அவர்களிடத்தில் 'அய்யே'. அடி வாங்கிக்கொண்டே அண்ணே என்று விளிக்கிற அந்தக் குழைவும் அப்படியே அந்தச் சொல்லில் இருக்கிறது. பெரும் பண்டிதர்கள் இரு மொழிக்கும் பாலம் கட்ட வேண்டும் என்று மேடைகளில் பேசுவார்கள். பாலம் இருந்தது, நான் அதன்மேல் நின்றுகொண்டிருந்தேன். முதலில் ஒரு கிழவர்தான் சிரித்தார். பிறகு முற்றம் முழுவதும். மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாந்தரம் நான் சிங்களத்தில் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம், தமிழிலேயே கேட்போம் என்றார்கள்.

விருந்து மேசையில் கதலிச் சீப்புகள் இருந்தன. பலகாரத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் அன்றைக்குப் பழத்தைத்தான் பிய்த்தார்கள்.

அடுத்த நாள் தேநீர்க் கடையில் அபிப்பிராயங்கள். ஒரு விவசாயி சின்னவன் பக்கம். முதலாளியிடம் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, அறுவடையன்று கணக்குக் கேட்டால் இதே பதில்தான் வருகிறது என்றார். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்த அந்த அம்மாவின் கணக்கு மலைக்கு இந்தப் பக்கத்திலும் வந்து நிற்கிறதே என்று நான் அதிசயித்தேன். கடைக்காரர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் லொக்காவின் பக்கம். கடையில் நின்ற பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அவன் தனக்குப் பழம் தின்றவனைத்தான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, எனக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பழத்தில் ஒன்றைக் கொடுத்தான். மற்றது எங்கே என்று நான் கேட்க வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றான். கேட்டேன். கடை முழுவதும் பதில் சொன்னது. நான் கேட்டது தமிழில் என்பதை அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

இந்த இடத்தில் மற்றச் சோடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லோரல், ஹார்டி இருவரும் 1927 முதல் சோடியாக நடித்தவர்கள். 1932இல் வந்த 'த மியூசிக் பொக்ஸ்' படத்தில் ஒரு பியானோவை நீண்ட படிக்கட்டு வழியே மேலே ஏற்றப் படாதபாடு படுவார்கள். அங்கே பெரியவர் ஹார்டி தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொள்வார். தண்டனையும் அவருக்கே கிடைக்கும், பியானோ அவர்மேல்தான் விழும். நம்முடைய கலைவாணரும் மதுரமும் வேறு விதம். அடியே கிடையாது. பாட்டும் பேச்சுமாக ஒருவரையொருவர் மடக்குவார்கள், பெரும்பாலும் மடங்குவது கலைவாணர்தான். நம் நாட்டில் எஸ். ராம்தாஸ் எழுதிய கோமாளிகளின் கும்மாளம் என்ற வானொலி நாடகம் 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகியது. மரிக்காராக ராம்தாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். நாலு வாயில் நாலு விதமான தமிழ். யாரும் யாரையும் உதைக்கத் தேவையில்லாமல் உச்சரிப்பே சிரிப்பு மூட்டியது. அது இந்த மண்ணுக்கே உரிய வளம், வேறு எங்கும் பிறந்திருக்க முடியாது. கவுண்டமணி செந்திலோ அடியோடு சேர்ந்தவர்கள். அங்கேதான் என் வீட்டில் சண்டை.

என் மகள் படித்த பிள்ளை. ஒரு விடுமுறையில் கரகாட்டக்காரனை நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். நானும் மனைவியும் சிரித்தோம். பிள்ளை சிரிக்கவில்லை. ஏன் என்றேன். "அப்பா, ஒரு மனுசன் இன்னொரு மனுசனோட தலையையும் நிறத்தையும் சொல்லித் திட்டுறான், காலால உதைக்கிறான். உங்களுக்கு எப்படிச் சிரிப்பு வருது?" என்றாள். நான் தோட்டத்து அம்மாவின் கதையைச் சொன்னேன், வில்கமுவக் கதையைச் சொன்னேன். அமைதியாகக் கேட்டாள். "அந்த அம்மா சிரிச்சது அவன் பழத்தைத் தின்னதுக்கு. நீங்க சிரிச்சது உதைக்கு" என்றாள்.

நேயர்களே, எனக்கு இன்றுவரை அதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. கவுண்டமணி திட்டும்போது வருகிற சொற்களைத் தனியே எடுத்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் வாசிக்க நன்றாக இராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் திட்டுவதெல்லாம் இயலாமையில் திட்டுவது. வாதத்திலே தோற்றவன்தான் காலைத் தூக்குகிறான். ஒவ்வொரு உதையும் செந்தில் வென்றதற்கு அத்தாட்சி என்று நான் சொல்லிப் பார்த்தேன். வென்றவன் ஏன் ஓட வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்குள் என் மனைவி வேறொரு கேள்வியைப் போட்டார். அதே படத்தில் ஒரு பழைய காரைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் காருக்குச் சொந்தக்காரியாக இருந்த சொப்பனசுந்தரி என்கிற பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு வரும். ஊரெல்லாம் சிரித்த பேச்சு. "காரை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதுபோல அவளையும் கேட்கிறார்களே, அவள் என்ன காரா? வாழைப்பழத்துக்காவது இரண்டு பேர் வாதாடுகிறார்கள். அவளுக்காகப் பேச அந்தப் படத்தில் ஒருவர்கூட இல்லையே" என்றார். இத்தனைக்கும் அவர்தான் அந்தக் கட்டத்தில் என்னைவிடப் பலமாகச் சிரித்தவர். சிரித்தபடியேதான் இதைச் சொன்னார். இந்தக் கருத்தோடு எனக்கு வாதமில்லை. வாழைப்பழத்தை மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கிற நான், அந்தக் கார்க் கட்டத்தை இப்போதெல்லாம் முன்னுக்கு ஓட்டிவிடுகிறேன். மகள் சொன்னதை மட்டும் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

1998இல் ரோய் டி சில்வாவின் 'ரே தானியெல் தவல் மிகெல்' வந்து, பந்து சமரசிங்கவும் டெனிசன் குரேயும் சிங்களப் படங்களில் பெரிய சோடியானபோது, வில்கமுவவில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். படத்தைப் பற்றி இரண்டு வரி. மூன்றாவது வரியில், நல்ல படந்தான், ஆனாலும் மற்றப் பழம் எங்கே என்று கேட்டிருந்தார். கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அண்மையில் அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தது. பாதை இப்போது நல்ல பாதை. தேநீர்க் கடை இருந்த இடத்தில் பெரிய கடை, குளிர்சாதனப் பெட்டியெல்லாம் வைத்து. மேசைக்குப் பின்னால் நரை விழுந்த ஒருவர் இருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. வாழைக்குலையைப் பார்த்து நான் இரண்டு பழம் கேட்டேன். குரலில் ஏதோ தட்டியிருக்க வேண்டும். எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்ற அந்தப் பையன்தான்.

படத்தின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை. நடிகர்களின் பெயர் அன்றைக்கே தெரியாது. ஆனால் முற்றத்தில் நான் எழும்பி நின்றதும், டெக்கைப் பின்னுக்கு ஓட்டியதும் நேற்று நடந்ததுபோல் ஞாபகம். இன்னமும் பொடி எக்கா பக்கந்தானா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். கடையில் இரண்டு பையன்களை வேலைக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். அவர்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பினால் மிச்சக் காசு ஒருநாளும் சரியாக வருவதில்லை என்றார். இப்போது பார்த்தால் லொக்கா கேட்டது நியாயமான கேள்விதான் என்று தோன்றுகிறதாம்.

பழத்தை இப்போது எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்துக் கொடுக்கிறார்கள். தராசில் இரண்டையும் வைத்தார். எங்கே ஒன்றை மட்டும் என் கையில் தருவாரோ என்று பார்த்தேன். இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.